அம்மாவின் ஜோடி

அம்மாவின் கழுத்தில் இருந்த கட்டியை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். மாதாமாதம் அவள் தலைக்குச் சாயம் பூசிவிடுவது நான். கழுத்தில் வழிந்ததை ஈரத்துணியால் துடைத்துவிடுவதும் நான்தான். அப்படியிருக்க, வாரத்துக்கு ஒருமுறை வந்து டீ குடித்துவிட்டுப் போகிற இன்னொருத்தி, "என்னடி, கழுத்து ஒரு பக்கம் தடிச்சிருக்கு?" என்று கேட்டு, கையோடு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு விஷயம் தெரிந்தபோது கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியாகிவிட்டது. இரண்டு பேரும் ஒன்றுமே நடக்காததுபோல் பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த இன்னொருத்திக்குப் பெயர் ஜோடி. நாங்கள் வைத்த பெயர் இல்லை, அம்மாவே அப்படித்தான் சொல்வாள். இரண்டு பேரும் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் ஆயுசில் பாதியைக் கழித்தவர்கள். அங்கே துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்புகளைச் சூடான ரோலருக்குள் விடுவதற்கு ஒரு முனைக்கு ஒருத்தியாக இரண்டு பேர் வேண்டும். இவள் இழுத்தால் அவள் விட வேண்டும், அவள் விட்டால் இவள் பிடிக்க வேண்டும். ஒரு நொடி பிசகினால் துணி சுருங்கும், இல்லையென்றால் கை வேகும். அதனால் ஒரு ரோலருக்கு ஒரு ஜோடி என்று மாற்றாமல் வைத்திருப்பார்கள். "என் ஜோடி வந்தாளா, என் ஜோடிக்கு இன்னிக்கு லீவு" என்பதுதான் அம்மாவின் பேச்சு. கட்டின புருஷனைக்கூட அவள் அப்படி வாய் நிறையச் சொன்னதில்லை.

சின்ன வயதில் அவளை "சித்தி" என்று கூப்பிடச் சொன்னாள் அம்மா. நான் கூப்பிடவில்லை. கூடப் பிறந்தவளா என்ன? இன்றுவரை "இந்தாங்க", "வாங்க" என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அவளோ இந்த வயதிலும் என்னைப் "பாப்பா" என்பாள். நான் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் சூப்பர்வைசர். என் கீழே வேலை பார்க்கிறவர்கள் முன்னாலேயே ஒருநாள், "பாப்பா, இந்த சோப்புல எது வழவழன்னு இல்லாம இருக்கும்?" என்று கேட்டவள் அவள்.

சலவைக்கூடத்தின் இரைச்சலில் வாயால் பேசினால் காதில் விழாது. அதனால் அவர்கள் இரண்டு பேருக்கும் உதட்டசைவும் கையும்தான் பேச்சு. நாள் முழுக்க அப்படிப் பேசிச் சிரித்துவிட்டு, அம்மா வீட்டுக்கு வரும்போது வாயில் பூட்டு மாட்டிக்கொண்டு வருவாள். என்னம்மா என்றால் ஒண்ணுமில்ல. கால் வலிக்குதா என்றால் ஒண்ணுமில்ல. சரியான கல்லுளிமங்கி. சிரிப்பையெல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டு வெறும் பையோடு வருகிறவளிடம் பிள்ளை என்னத்தை வாங்கிக்கொள்வது? என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுச் சிரிப்பார். "மத்தவங்களுக்கெல்லாம் சக்களத்தி புருஷன் வழியா வருவா. உனக்கு அம்மா வழியா வந்திருக்கா" என்பார். வேடிக்கையாகத்தான் சொல்வார். எனக்கு வயிறு எரியும்.

பரிசோதனை முடிவு வந்தது. லிம்போமா. நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோய் என்றும், மருந்துக்கு நன்றாகக் கேட்கும் வகைதான் என்றும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஏற்ற வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். இந்த முறை யாரையும் முந்த விடக் கூடாது என்று முடிவு கட்டினேன். வேலை நேரத்தை மாற்றி வாங்கினேன். தெர்மாமீட்டர் வாங்கினேன். அம்மாவின் அறையை மூலை முடுக்கு விடாமல் கழுவித் துடைத்தேன். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, வாய் புண்ணானால் என்ன கொடுப்பது, எந்தக் கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று டாக்டரை நச்சரித்துக் கேட்டு வைத்துக்கொண்டேன். அம்மா எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் மூன்று பேருமாகப் போனோம். ஜோடியை யாரும் கூப்பிடவில்லை. வாசலில் வந்து நின்றாள், வண்டியில் ஏறிக்கொண்டாள். மருந்து ஏற்றும் கூடத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் துணைக்கு ஒரு ஸ்டூல். ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான், மற்றவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே காத்திருக்க வேண்டும் என்றாள் நர்ஸ். நான் ஸ்டூலின் மேல் என் பையை வைத்துவிட்டு அம்மாவின் செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

"நீ வெளில இரு. அவ இருக்கட்டும்" என்றாள் அம்மா.

சாதாரணமாகத்தான் சொன்னாள், ஜன்னலைச் சாத்து என்பதுபோல. நர்ஸ் என்னைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலிக்காரர்கூடப் பார்த்தார். பெற்ற பெண் பையை எடுத்துக்கொண்டு வெளியே போக, ஜோடி அந்த ஸ்டூலில் தன் சொந்தச் சொத்துபோல உட்கார்ந்தாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். எங்கள் வீட்டில் எல்லாமே தலைகீழ்.

நர்ஸ் இரண்டு பேரிடமும் விளக்கமாகச் சொன்னதைக் கதவு மூடுவதற்குள் நானும் கேட்டேன். முதல் மருந்து உடம்புக்குப் புதுசு, சிலருக்குக் குளிர் நடுக்கம் வரும், தொண்டை அடைக்கும், கொஞ்சம் வித்தியாசமாக இருந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்றாள். இரண்டு பேரும் பள்ளிப் பிள்ளைகள்போலத் தலையாட்டினார்கள்.

கண்ணாடிக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன வேலை எனக்கு? உள்ளே அவர்கள் வாயைத் திறக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜோடி விரலால் ஏதோ காட்டினாள், அம்மா தோள் குலுங்கச் சிரித்தாள். கீமோ ஏறுகிற நேரத்தில் அப்படி என்ன சிரிப்பு? கொஞ்ச நேரம் கழித்து ஜோடி என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை நகர்த்தி, சரியாக எனக்கும் அம்மாவுக்கும் நடுவே முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நந்தி மாதிரி. அம்மாவின் முகம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பது இதுதான். பெற்ற பெண் பார்ப்பதுகூடப் பொறுக்கவில்லையா? எழுந்துபோய், மூலையில் இருந்த இயந்திரத்தில் காபி எடுத்துக் குடித்தேன். இனிமேல் இவளை வாசலோடு நிறுத்தினால்தான் ஆகும் என்று மனசுக்குள் வசனம் தயார் செய்தேன். என்னென்ன சொல்ல வேண்டும், எந்த இடத்தில் குரலை உயர்த்த வேண்டும் என்பது உட்பட.

திரும்பி வந்தபோது நர்ஸ் வரிசையின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஜோடி மறுபடியும் ஸ்டூலை நகர்த்தினாள். இந்த முறை எனக்குக் குறுக்கே இல்லை, நர்ஸ் வருகிற பக்கத்துக்குக் குறுக்கே. நர்ஸ் ஏதோ கேட்க, ஜோடி சிரித்த முகமாகக் கையை விரித்து, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்பதுபோல் சொன்னாள். நர்ஸ் அடுத்தவரிடம் போய்விட்டாள். ஜோடி நகர்ந்ததில் எனக்கு அம்மாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. போர்வைக்குள் அந்தக் கால்கள் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

அவள் அம்மாவை என்னிடமிருந்து மட்டும் மறைக்கவில்லை. நர்ஸிடமிருந்தும் மறைத்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். அம்மாவுக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. ஜோடி அவள் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் வந்து மருந்தை நிறுத்தினாள், டாக்டர் வந்தார், ஊசி போட்டார்கள், இன்னொரு போர்வை வந்தது. நடுக்கம் அடங்கின பிறகு அதே மருந்தை மெதுவாகத் திரும்ப ஏற்றினார்கள். நர்ஸுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தனை சொல்லியும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தீர்களே, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் மூச்சே நின்றிருக்கும் என்று ஜோடியைப் பிடித்து வாங்கினாள். ஜோடி தலை குனிந்து நின்றாள். எனக்கு அது எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது என்று சொன்னால் நன்றாக இருக்காது.

தாழ்வாரத்தில் வைத்து என் பங்கையும் கொடுத்தேன். தயார் செய்து வைத்திருந்த வசனம் அத்தனையும் வேறு வகையில் உபயோகப்பட்டது.

"அவதான் மறைக்கச் சொன்னா, பாப்பா" என்றாள் கடைசியில். "பாதியில நிறுத்திட்டா இந்த மருந்தே ஒத்துக்கலன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயந்துட்டா. நானும் பயந்துட்டேன்."

அவர்கள் வேலை பார்த்த இடத்தில் அப்படித்தான். முடியவில்லை என்று ஒருத்தி வாய் திறந்தால் கண்ணாடி அறையில் இருக்கும் சூப்பர்வைசர் அவளை அனுப்பிவிட்டு வேறொருத்தியை ரோலரில் நிறுத்துவார். அதனால் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் அவளைச் சூப்பர்வைசர் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டு, கனமான முனையைத் தான் வாங்கிக்கொள்வாள். ஜோடி என்றால் அதுதான் அர்த்தம். போட்டுக்கொடுப்பது என்பது அவர்களுக்குக் கொலைக்குச் சமம். வெள்ளை உடுப்பில் வந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகிற நர்ஸ் அவர்கள் கண்ணுக்கு யாராகத் தெரிந்திருப்பாள் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தால் என்ன, கோபம் போய்விடுமா?

அடுத்த முறை பெற்ற பெண்தான் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள். நான் ஜெயித்தேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொல்லும்போது குரலில் கொஞ்சம் மிதப்பு இருந்திருக்கும்போல. "சக்களத்தி தோத்துட்டாளா?" என்று கேட்டார்.

எங்கே தோற்றாள். அந்த மூன்று வாரமும் நான் அம்மாவைக் கேட்காத கேள்வி இல்லை. வாந்தி வருதா, ஒண்ணுமில்ல. வாய் புண்ணா இருக்கா, ஒண்ணுமில்ல. தொற்று வந்துவிடப் போகிறது என்று ஜோடியை வீட்டுக்கு வர வேண்டாம் என்றேன். உண்மையான காரணம் எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் வரவில்லை, போன் வந்தது. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் பேசுவாள். நாக்கின் அடியில் புண், உப்பு பட்டால் உயிர் போகிறது, ராத்திரி தூக்கமில்லை, விரல் நுனி மரத்துப் போகிறது என்று அத்தனையும் அங்கே கொட்டுவாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக்கேட்டு, வாய் கொப்பளிக்கிற மருந்தைக் கொண்டுபோய் வைப்பேன். நான் சாயம் பூசின முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்ததைக்கூட, "இனிமே சாயத்துக்கு வேலை மிச்சம்டி" என்று அவளிடம்தான் சொல்லிச் சிரித்தாள். என் எதிரில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது சரிதான். வாய் ஏன் இன்னொருத்தியிடம் போய் உட்கார்ந்துகொண்டது என்பதுதான் என் கேள்வி.

இரண்டாவது முறை போனபோது ஸ்டூல் எனக்கு. ஜோடியும் வந்திருந்தாள், கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தாள். முதல் மருந்து இந்த முறை தொந்தரவு இல்லாமல் இறங்கியது. நான் அம்மாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. எப்படி இருக்கும்மா என்று கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கேன்" என்றாள். அவள் கண் மட்டும் என் தோளுக்கு மேலே போய்ப் போய் வந்தது. உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து மறைந்தது. சட்டென்று திரும்பினேன். வெளியே ஜோடியின் கை பாதி வழியில் நின்றது, தலையைச் சொறிவதுபோல் மேலே போயிற்று. வாத்தியார் திரும்பினால் பிள்ளைகள் செய்வார்களே, அதேதான்.

என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். மழை வருமான்னு கேட்டா என்றாள் அம்மா. அவ்வளவு நேரம் கையை ஆட்டினது மழைக்காம். ஸ்டூலைப் பிடித்துவிட்டேன், அவர்கள் என் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது சிவப்பு மருந்து. அதைப் பாட்டிலில் தொங்கவிடாமல் நர்ஸே பக்கத்தில் உட்கார்ந்து கையால் மெதுவாக ஏற்றுவாள். நர்ஸ் அம்மாவின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்: இந்த மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையைத் தின்றுவிடும், ஊசி போட்ட இடத்தில் துளி எரிந்தாலும் உடனே சொல்ல வேண்டும், போன முறைபோல் செய்யக் கூடாது. அம்மா தலையாட்டினாள். மருந்து எடுத்துவர நர்ஸ் போனாள்.

நான் அம்மாவின் கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ரோலர் போட்ட தழும்புகள், சில பழுப்பாக, சில வெளுத்து. இத்தனை வருஷம் பார்த்த கைதான்.

"எரிஞ்சா சொல்லுவதானே?"

"எரிஞ்சா சொல்ல மாட்டேனா" என்றாள்.

ஒரு நீளத் தழும்பைத் தொட்டு, இது பட்டபோது யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். அம்மா அதை யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். "இதுவா? இது என்ன பெரிய சூடு. அவ ஈரத்துணியச் சுத்தி விட்டா. ஷிப்டு முடிஞ்சுதான் வந்தேன்."

இவள் சொல்லப் போவதில்லை. பொய் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை, எரிச்சல் என்பது அவளுக்குச் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. சரி, நான் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றால், காலையிலிருந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. களைப்பு ஒன்றைத்தான் எனக்கு அடையாளம் தெரியும். அதைத்தானே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அந்த முகத்தைப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான் இருக்கிறாள், அவள் வாயைத் திறக்க மாட்டாள். வாயைத் திறக்கிற எனக்குப் படிக்கத் தெரியாது. மருந்து வந்துகொண்டிருந்தது.

என் ஜென்மத்தில் நான் செய்த கஷ்டமான காரியம் அந்த ஸ்டூலிலிருந்து எழுந்தது. பிரசவம்கூட இரண்டாவதுதான்.

வெளியே போய் ஜோடியிடம், "நீங்க போய் உக்காருங்க" என்றேன். அவள் நம்பவில்லை. ஏதோ திட்டின் ஆரம்பம் என்று நினைத்து ஒரு அடி பின்னால் போனாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அம்மாவின் முகத்தில் எரிச்சல் தெரிந்தால் அந்த நிமிஷமே நர்ஸுக்குத் தெரிய வேண்டும், இல்லையென்றால் கை போய்விடும் என்றேன்.

அவள் உள்ளே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எங்களுக்குள்ள போட்டுக் குடுக்கற பழக்கம் இல்ல பாப்பா. போன தடவை நான் பண்ணினது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா அவ கண்ணு முன்னால நர்ஸ்கிட்ட நான் சொன்னா, அப்புறம் எங்கிட்டயும் அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

அது உண்மை. என்னிடம் இருப்பதுபோல் அவளிடமும் ஆகிவிடும். அப்புறம் நான் எந்தக் கதவில் காது வைப்பது?

"நீங்க வாயால சொல்ல வேண்டாம்" என்றேன். "எனக்குக் காட்டுங்க. நான் இங்க கதவுகிட்டயே நிக்கறேன். நான் போய்ச் சொல்றேன். சூப்பர்வைசர் நானா இருந்துக்கறேன், திட்டு எனக்கே வரட்டும்."

அவள் இன்னொரு முறை உள்ளே அம்மாவைப் பார்த்தாள். பிறகு வலது கையை முஷ்டியாக்கித் தோளில் வைத்துக் காட்டினாள். ரோலரை நிறுத்து என்பதற்கு அதுதானாம். நானும் அதேபோல் வைத்துப் பார்த்தேன். முஷ்டியை இன்னும் கொஞ்சம் மேலே வைக்கச் சொன்னாள்.

ஆளை மாற்றியதற்கு நர்ஸ் முகம் சுளித்தாள். நான் கெஞ்சினேன், கதவை விட்டு ஒரு அடி நகர மாட்டேன் என்றேன். சரி என்று விட்டாள். ஜோடி உள்ளே வருவதைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மலர்ந்ததே, அது மட்டும் எனக்குப் படிக்கத் தெரிந்தது. படிக்காமலே இருந்திருக்கலாம்.

நர்ஸ் சிவப்பு ஊசியைச் செருகி மெல்ல அழுத்த ஆரம்பித்தாள். எரிகிறதா என்று கேட்பது கண்ணாடி வழியே தெரிந்தது. அம்மா இல்லை என்று தலையசைத்தாள். ஜோடி அம்மாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் மறுபடி கேட்டாள், மறுபடி இல்லை. அம்மாவின் முகம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நர்ஸ் மூன்றாவது முறை கேட்கவும் அம்மா சிரித்தாள். நல்லாத்தான் இருக்கா, நான்தான் வீணாக இடத்தை விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்தேன்.

ஜோடி சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுத்து, நேரே என்னைப் பார்த்தாள். தோளைச் சொறிவதுபோல் கை மேலே போயிற்று. முஷ்டி.

நான் கதவை இடித்துத் தள்ளினேன். "சிஸ்டர், நிறுத்துங்க. எரியுது அவளுக்கு."

நர்ஸின் கட்டைவிரல் அப்படியே நின்றது. "யாரு சொன்னா? எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் அம்மா. நர்ஸ் ஊசி போட்டிருந்த இடத்தைச் சுற்றி லேசாக அழுத்திப் பார்த்தாள். அம்மாவின் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது. பயறளவுக்கு வீக்கம் இருந்தது. அடுத்த நிமிஷம் எல்லாரும் வந்துவிட்டார்கள். உள்ளே போன மருந்தை முடிந்தவரை திரும்ப உறிஞ்சினார்கள், ஊசியை எடுத்தார்கள், ஐஸ் பை வைத்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, துளிதான் கசிந்திருக்கிறது, நல்ல நேரத்தில் நிறுத்தினீர்கள், மீதியை இன்னொரு கையில் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

அம்மா என்னை முறைத்தாள். என்னமாய் முறைத்தாள். பிறகு ஜோடியின் பக்கம் திரும்பி, "பாத்தியா? எப்பவும் கண்ணு என் மேலதான். சூப்பர்வைசர் புத்தி எங்க போகும்?" என்றாள். ஜோடி பால் குடித்த பூனை மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினாள். தலையாட்ட வேண்டும், அதுதான் எங்கள் ஏற்பாடு. இருந்தாலும் அவ்வளவு ஆசையாக ஆட்டியிருக்க வேண்டாம்.

ஐஸ் பையைக் கட்டிக்கொண்டிருந்த நர்ஸ் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பக்கத்துல இருந்த எனக்கே தெரியல. வெளில நின்ன உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஜோடி கூரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். அவள் முகம் செத்துப் போயிருந்தது. ஒரு வார்த்தை போதும், அவளை அம்மாவிடமிருந்து ஒரேயடியாகப் பிரித்துவிடலாம். எத்தனை வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. அம்மாவும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா முகம் எனக்குத் தெரியாதா, சிஸ்டர்?" என்றேன்.

அம்மா முறைப்பதை விட்டாள். இந்தப் பெண் எப்போதிலிருந்து இங்கே நிற்கிறாள் என்பதுபோல் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை ஜோடிக்குச் சேர வேண்டியது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் திருப்பிக் கொடுக்கவில்லை.